பெட்டிக்குப் பெட்டி பொட்டு

ராஜபாளையத்தில் நான் சூப்பர்வைசராக இருக்கும் பட்டறையில் பேண்டேஜ் துணி தயாராகிறது. உலகத்தில் யார் அடித்துக்கொண்டாலும் எங்களுக்கு ஆர்டர் வரும். இதைப் பெருமையாகச் சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கட்டிய வீடு அந்தச் சம்பளத்தில்தான் நிற்கிறது.

அந்த முறை சரக்கு போக வேண்டியது உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டுக்கு. ஓர் உதவி நிறுவனம் வாங்கி அனுப்பியது. போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் என் தங்கைதான் நர்ஸ். பேண்டேஜ் தீர்ந்துபோய், படுக்கை விரிப்பைக் கிழித்துக் காயம் கட்டுவதாகப் போனில் சொன்னாள். "ஊருக்கு வந்து தொலையேன்டி" என்று கத்தினேன். "நான் வந்துட்டா இவியள யாருண்ணே பாப்பா?" என்றாள். அவளிடம் பேசி என்றைக்கு நான் ஜெயித்திருக்கிறேன்? சரக்கையாவது சீக்கிரம் அனுப்புவோம் என்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் நின்று பேக்கிங்கை முடித்தேன்.

எங்கள் பட்டறையில் லோடு கிளம்பும்போது முதல் பெட்டிக்கு வட்டமாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைப்பது வழக்கம். பேக்கிங் பிரிவு அக்காவின் பொறுப்பு அது. நான் வேதக்காரன்தான். ஆனாலும் பொட்டு வைக்காமல் லாரியை அனுப்ப எனக்கே மனசு கேட்காது. அன்று அக்கா ஒரு பெட்டியோடு நிறுத்தவில்லை. "ஒந் தங்கச்சிக்குல்ல போகுது" என்று அத்தனை பெட்டிக்கும் வைத்துவிட்டார்.

கப்பல் போய்ச் சேர்ந்தது. சரக்கு துறைமுகத்தைத் தாண்டவில்லை. கிளர்ச்சிப் படையின் கொடி, மஞ்சள் துணியில் சிவப்பு வட்டமாம். எதிரியின் கொடி போட்ட பெட்டியை விடமாட்டோம் என்றது அரசு. எங்களைக் கேட்காமல் எங்கள் கொடியை எப்படிப் போடலாம் என்று கிளர்ச்சிக்காரர்களும் கோபித்துக்கொண்டார்கள். போர் தொடங்கியதிலிருந்து இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். சமாதானம் பேச வந்த மூன்றாவது நாடு விசாரணை வைத்தது.

விசாரணை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நடந்தது. அந்தப் பக்கம் மேசையில் மூன்றாவது நாட்டு வெள்ளைக்கார அம்மா ஒருவர், அவருக்குப் பின்னால் இரு தரப்பு அதிகாரிகள், ஓரத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். இந்தப் பக்கம் முதலாளி, நான், அக்கா.

"இந்தச் சின்னத்தை வைக்க உத்தரவிட்டது யார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உத்தரவா? லோடு போகுது, வைக்கோம்" என்றார் அக்கா.

"வேறு எதில் எல்லாம் வைப்பீர்கள்?"

அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து பீரோ, தராசு, முதலாளியின் ஹெல்மெட் என்று ஒவ்வொன்றிலும் வைத்துக் காட்டினார். கடைசியில் கம்ப்யூட்டர் திரையிலும் ஒன்று வைத்தார். அது அந்த அம்மாவின் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் சற்று நகர்ந்ததும், பின்னாலிருந்த அரசுத் தரப்பு அதிகாரியின் மூக்குக்குப் போய்விட்டது. முதலாளி என் காலை மிதித்தார்.

பொட்டு அரசியல் சார்பற்றது என்று முடிவாயிற்று. ஆனாலும் அழிக்க வேண்டுமாம். யார் அழிப்பது என்று வாரக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்குள் தங்கை விரிப்பெல்லாம் தீர்ந்து ஜன்னல் திரைக்கு வந்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், விட்டிருந்தால் நானே ஈரத்துணியோடு விமானம் ஏறியிருப்பேன். கடைசியில் உடன்பாடு வந்தது. குங்குமத்தை அரசுத் தரப்பு ஆள் துடைப்பது, சந்தனத்தைக் கிளர்ச்சித் தரப்பு ஆள் துடைப்பது. கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். துடைக்கத் துணி இல்லையென்று எங்கள் பெட்டிகளிலேயே சிலவற்றைப் பிரித்து, பேண்டேஜை எடுத்துத் துடைத்தார்களாம்.

மீதிப் பெட்டிகள் போய்ச் சேர்ந்த அன்று, பட்டறையில் இருக்கும்போதே தங்கை வீடியோவில் வந்தாள்.

"அண்ணே, துணி வந்துருச்சு. எம்புட்டு மெத்துன்னு இருக்கு!"

"மொதக் கட்டு யாருக்குப் போட்ட?" என்றேன்.

போனைத் தாழ்த்திக் காட்டினாள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் எங்கள் துணி.

"ஆஸ்பத்திரிப் பக்கத்துல குண்டு விழுந்துச்சு. சின்னக் காயந்தாண்ணே."

எத்தனையோ வருஷமாகச் சுருள் சுருளாகப் பார்த்து நான் பாஸ் போட்ட துணி. அன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. போனைப் பக்கத்தில் நின்ற அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அக்கா உற்றுப் பார்த்தார். "ஏட்டி, அது நனைஞ்சிருக்கு. அவுத்துட்டு வேற கட்டு, நெறைய அனுப்பியிருக்கோம்" என்றார்.