மோட்டாரை நிறுத்திய குரல்

மணிகண்டபிரபுவோடு இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான். தங்கமான பையன்தான். ஆனால் பக்கத்தில் படுத்து ஒருவர் தூங்க முடியாது. மூன்றாம் ஷிப்டு முடித்து வந்து காலையில் நான் கண்ணை மூடினால், அவன் கம்ப்யூட்டரில் ஒரு துண்டுச் சத்தத்தை வெட்டி, அதையே நாற்பது தடவை ஓட விடுவான். லூப்பாம்! கண்டக்டர் விசில், டீக்கடை டம்ளர், சூப்பர்வைசர் "டார்கெட், டார்கெட்" என்று கத்தியது, எல்லாமே அவனுக்குத் தாளம். அதற்கு மேலே, ஒரு கம்பி அறுந்த கிடாரை வாசித்துப் பதிவு செய்வான்.

"எலேய், மனுஷன் தூங்கணுமா வேண்டாமால?" என்பேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவ, வனமாமலை அண்ணாச்சி," என்பான். அந்த ஒரு தடவை சாயங்காலம்வரை நீளும்.

இது 2005-ல், மண்ணூரில். கம்பெனி ஆட்கள் தங்க வரிசையாக எட்டு அறை, எட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார். வீட்டுக்காரர் லூர்தம்மாள். தொட்டி நிரம்பியதும் வாசலில் நின்று, "டேய்! தண்ணி வழியுது! மோட்டார நிறுத்துங்கடா!" என்று ஒரு சத்தம் போடுவார். பக்கத்தில் இருப்பவன் சுவிட்சுக்கு ஓடுவான். அப்பா, என்ன தொண்டை! ஏரிக்கு அந்தக் கரையில் மேயும் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும்.

பிரபு விடுவானா? ஜன்னலில் மைக்கைக் கட்டி அந்தக் குரலையும் பிடித்துவிட்டான்.

ஒரு புதன்கிழமை அவனுக்கு லீவு. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து அந்தக் குரலை மட்டும் ஓட விட்டான். "தண்ணி வழியுது! தண்ணி வழியுது!" குளித்துக்கொண்டிருந்த கடைசி அறை அய்யாத்துரை, தலை நிறைய சோப்பு நுரையோடு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். தொட்டியில் கால்வாசிகூட ஏறவில்லை. ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போனது. முதல் ஷிப்டு முடிந்து, எண்ணெயும் வியர்வையுமாக வந்து இறங்கிய பதினைந்து பேருக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை.

சந்தைக்குப் போயிருந்த லூர்தம்மாள் கூடையோடு வந்து நின்றார். "மோட்டார எவன்டா நிறுத்துனது?"

"நீங்கதானக்கா சத்தம் போட்டிய," என்றான் அய்யாத்துரை, காய்ந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டே.

"நானே சந்தைல கீறேன். என் கொரலு மட்டும் எப்டிடா வூட்டுக்கு வந்துச்சு?"

பிரபு தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தான். ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததும் போட்டுக் காட்டச் சொன்னார் லூர்தம்மாள். தன் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. கேட்கக் கேட்க முகம் சுருங்கிப்போனது.

"நான் இப்டியாடா கத்துறேன்?" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள நீ மட்டும் காலி பண்ணிடு."

இனித் தூங்கலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பொய் சொல்வானேன்? பிரபு சேரப்பணஞ்சேரிவரை போய் அறை தேடினான். கிடார் என்றதுமே எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கூடத்தில் பன்னிரண்டு பேர் படுக்கும் ஒரு ஹாஸ்டலில்தான் இடம் கிடைத்தது. "கம்ப்யூட்டர் வைக்க எடமில்லயாம் அண்ணாச்சி. பாட்ட விட்ர வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைச் சாக்கில் போட்டுக் கட்டினான். என் குஷி போன இடம் தெரியவில்லை.

லூர்தம்மாளோ கத்துவதையே நிறுத்திவிட்டார். தொட்டி நிரம்பினால், "தம்பி, மோட்டாரு..." என்று மெல்லச் சொல்வார். யார் காதில் விழும்? மூன்று நாளும் தண்ணீர் தெருவில் ஓடியது. கோலம் கரைந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி சண்டைக்கே வந்துவிட்டார்.

ஞாயிறு காலை. பிரபு சாக்கை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தான். தொட்டி வழிய ஆரம்பித்தது. "தம்பி, மோட்டாரு..." என்றார் லூர்தம்மாள். ஒருவரும் வரவில்லை. தண்ணீர் வழிந்தோடி வந்து சாக்கை நெருங்கியது. அவ்வளவுதான்.

"டேய் எருமைங்களா! தண்ணி வழியுதுடா! மோட்டார நிறுத்துங்கடா! புள்ளயோட பொட்டி நனையுது!"

எட்டுக் கதவும் திறந்தன. அய்யாத்துரை பாய்ந்துபோய் நிறுத்தினான். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லூர்தம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு பிரபுவிடம் வந்தார்.

"இத புடிச்சியா?"

"இல்லக்கா. மைக்கு சாக்குக்குள்ள கெடக்கு."

"அந்தப் பழச அழிச்சிடு. அன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்துச்சு."

"சரிக்கா."

"அப்பறம் இன்னாத்துக்குடா இங்க நிக்கிற? உள்ள போய் மைக்கக் கட்டு. சாயங்காலமும் தொட்டி ரொம்பும்."