அண்ணன் பார்க்க வந்த ஈ

அண்ணனுக்கு முதன்முதலாகக் கால் நின்றுபோனது எங்கள் கரமனை வீட்டின் அடுக்களை வாசலில். உள்ளேயிருந்து கூப்பிட்டேன், வரவில்லை. எட்டிப் பார்த்தால், கையில் காபி டம்ளரோடு நிலைப்படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். “கால் வரமாட்டேங்கு” என்றார், ஏதோ அடுத்த வீட்டுச் சேதி சொல்வதுபோல.

அவர் சாலை பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதியவர். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தினமும் நடந்தே கடைக்குப் போவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில். டாக்டர் பார்க்கின்சன் என்று சொன்னபோது அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் மூளையை ஆராய்கிறவள். ஆனால் அது ஈயின் மூளை.

விதுரா போகிற பாதையில் எங்கள் ஆய்வுக்கூடம். வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான் எங்களுக்கு. வெளிச்சத்துக்கு இயங்கும் ஒரு மரபணு பாசியில் இருக்கிறது. அதை ஈயின் மூளையில் நடையைத் தூண்டும் செல்களில் மட்டும் வைத்துவிடுவோம். சிவப்பு விளக்கைப் போட்டால் ஈ நடக்கும். அணைத்தால் நின்றுவிடும்.

அதைப் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர், திரையில் ஈயைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். விளக்கைப் போட்டேன், ஈ நடந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பிறகு, இதைத் தனக்கு வைக்க முடியாதா என்று கேட்டார்.

மனிதனின் மண்டையோட்டைத் தாண்டி வெளிச்சம் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது என்று சொன்னேன். போனாலும் அவர் தலையில் நடைக்கு உதவும் செல்களே செத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்பம் ஈ நடக்கும். நான் நடக்க மாட்டேன். அல்லே?”

“இப்பம் வழியில்லண்ணே.”

“பொறவு?”

“நம்ம காலத்துல இருக்காது.”

தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் நெடுமங்காட்டில் தேநீர் குடித்தோம். ஈயைப் பற்றி அதன்பின் அவர் கேட்டதேயில்லை.

தரையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டும் சாக்கில் சிலருக்குக் கால் எழும்பும் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் சொன்னாள். அண்ணனின் கைத்தடியில் ஒரு சின்ன லேசரைக் கட்டிக்கொடுத்தேன். சிவப்புக் கோடு விழுந்தது, அவர் தாண்டினார். வாசலைத் தாண்டினார், கேட்டைத் தாண்டினார், தெருமுனைக் கடைக்குப் போய்த் தாமே பேப்பர் வாங்கி வந்தார். அந்தச் சில வாரங்கள் நான் ஒரு முட்டாளைப்போலச் சந்தோஷமாக இருந்தேன்.

ஐப்பசியில் பெய்யும் துலாமழை முடியும் முன்பே அதுவும் நின்றது. கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். “தெரியுது பிள்ளே. கால் கேக்க மாட்டேங்கு.” ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கட்டுரை இந்த வருடம் வெளியானது. ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். ஈயின் நடையை இயக்கும், இதுவரை தெரியாத ஒரு செல்லைக் கண்டுபிடித்திருக்கிறோம். அது உண்மையான கண்டுபிடிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் யாரும் எழுந்து நடக்கப்போவதில்லை, அதிலும் சந்தேகமில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய குரல் இப்போது வெறும் காற்றாகிவிட்டது. ஏதோ சொன்னார். காதை வாயருகே கொண்டுபோனேன், புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னார். அப்போதும் புரியவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கஞ்சி எடுத்துவரப் போனேன்.