சம்பங்கிக் கிழங்கும் ஒரு மூட்டை மரத்தூளும்

எங்கள் வீட்டுக்கு ஓர் எலி வருவதற்கு விசா தேவைப்பட்டது. எலிக்கு அல்ல, எங்களுக்கு. அப்போது எனக்கு எட்டு வயது. கங்காரு தேசத்து டண்டினொங்கில் வாடகை வீடு. இந்த நாட்டிலேயே தங்கிவிட அப்பா விண்ணப்பம் போட்டிருந்தார், பதில் வந்தபாடில்லை. கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்குத் திரும்ப வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும். சைக்கிள் கேட்டால் ‘விசா வரட்டும்.’ சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது என்றால் ‘விசா வரட்டும்.’ தோழி வீட்டில் இருப்பதுபோல ஒரு வெள்ளை எலி வளர்க்கலாமா என்று கேட்டபோதும் அதே பாட்டுதான். பிள்ளையாரே எலியில்தானே போகிறார் என்றும் வாதாடிப் பார்த்தேன்.

குளிர் தொடங்கும் சமயத்தில் அம்மா செல்லப்பிராணிக் கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் வாங்கி வந்தாள். மூட்டையின் மேல் எலிப்படம். நான் குதித்த குதியில் கீழே வைத்திருந்த பால் கவிழ்ந்தது. ஆனால் மரத்தூள் வந்தது எலிக்கு இல்லை, சம்பங்கிக் கிழங்குக்கு.

அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி கொடுத்த கிழங்குகள் அவை. வேலியோரம் நட்டோம், கோடை முடிய முடியப் பூத்தன. அம்மா தினமும் தலையில் வைத்துக்கொண்டாள். பூத்து ஓய்ந்ததும் அன்ரி வேலிக்கு மேலாக எச்சரித்தார்.

“பனி விழ முதல் கிண்டி எடுத்து வையுங்கோ. ஈரக் குளிர் பட்டா அழுகிப் போடும்.”

அம்மா தோண்டி எடுத்து, உலர்த்தி, செருப்புப் பெட்டிகளில் மரத்தூளுக்குள் புதைத்து, போர்வை அலமாரியில் அடுக்கினாள். அதோடு அவள் நிம்மதியும் போயிற்று. முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், ஒவ்வொரு கிழங்காக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். அப்பா போனைத் திறந்து மின்னஞ்சல் பார்ப்பார்; அம்மா அலமாரியைத் திறந்து கிழங்கு பார்ப்பாள். வீட்டில் ஒருவராவது ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் கால் தரிக்காது. எலிக்கூடு வைக்க இடம் தேடி அறை அறையாக அலைவேன்.

ஆடி பிறந்தது. அதாவது, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் பிறந்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆடிப்பெருக்கு அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத அப்பா, திடீரென்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை கிழங்குகளையும் வேலியோரம் நட்டு, வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றிவிட்டார். நானும்தான் குழி தோண்டிக் கொடுத்தேன்.

அம்மா வந்து பார்த்தாள்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க?”

“அது அந்த ஊரு ஆடி! இந்த ஆடியில உங்க பல்லே கிட்டிக்குது, கிழங்கு முளைக்குமா?”

வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் மண்டியிட்டு வெறுங்கையால் சேற்றைக் கிளறினாள். எல்லாவற்றையும் சமையலறை மேசையில் பரப்பி, தலைமுடி உலர்த்தும் மெஷினைப் போட்டு ஒவ்வொன்றாகக் காய வைத்தாள். அப்பா பக்கத்தில் நின்று சேறு துடைத்துக் கொடுத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

“சும்மா இருக்க முடியல. ஏதாவது ஒண்ண ஊனிடணும்போல இருந்துச்சு.”

அம்மா மெஷினை அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. மறுபடி போட்டு, அடுத்த கிழங்கை எடுத்தாள். ஒரு கிழங்குக்காக இரண்டு பெரியவர்கள் கண் கலங்குவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பாதிக்கு மேல் அழுகிப்போயிற்று. மிஞ்சியதை வெயில் காலம் திரும்பியதும் அம்மா தரையில் நடவில்லை, தொட்டிகளில் நட்டாள். ஏன் என்று அன்ரி கேட்டார்.

“தொட்டின்னா யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டுப் போகலாமே” என்றாள் அம்மா. அன்ரி வேலியைப் பிடித்தபடி நின்றார்.

அந்தக் கோடையும் பூத்து ஓய்ந்த ஒரு மத்தியானம் விசா வந்தது. அப்பா போட்ட சத்தத்தில் அன்ரி பதறி ஓடி வந்தார். அம்மா அழுதாள், முகம் கழுவினாள், நேரே கொல்லைக்குப் போனாள். தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கிழங்குகளை மண்ணோடு வேலியோரம் இறக்கி வைத்து, மேலே கனமாக வைக்கோல் பரப்பினாள்.

“அலமாரியில வைக்கலயாம்மா? பனி விழுமே.”

“விழட்டும். வைக்கோல் போட்டிருக்கேன்ல. இனி இங்கயே கிடக்கட்டும்.”

“அப்ப மரத்தூள்?”

அம்மா உள்ளே போய், மிச்சமிருந்த மூட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “உன் எலிக்கு வச்சுக்கோ.”

அந்த வாரமே எலி வந்தது. மரத்தூளுக்குள் சுகமாகச் சுருண்டு தூங்கியது. வெளியே புல் வெளுத்துக் கிடந்த காலைகளில் எனக்கு மட்டும் மனசு கேட்காது. எலிக்காகத்தான் அம்மா தன் கிழங்குகளைக் குளிரில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, அம்மாவுக்கு ஒரு நன்றி சொல் என்று எலியைத் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.