எச்சில் சோறு

அண்ணன் கஞ்சாவை விட்டதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஸ்ரீபெரும்புதூர் லாரி ஷெட்டில் கூட்டாளிகளோடு விளையாட்டாகத் தொடங்கிய பழக்கம் அது. புகை போனது, அதோடு வந்த சந்தேகம் போகவில்லை. 1991-இல் எங்கள் வீட்டுச் சோற்றையே தொட மறுத்தான்.

“இதுல இன்னா கலந்து வச்சிகீறீங்க?” என்று அம்மாவைத் தினமும் கேட்பான்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஒருநாள் அவன் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து, அவன் எதிரில் மென்று விழுங்கினேன். அதன் பிறகுதான் சாப்பிட்டான். எச்சில் பட்டால் ஊரைக் கூட்டும் அம்மா அன்று அதே தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு அதுவே வழக்கமானது.

“கஞ்சாவை விட்டாலும் சிலருக்கு இந்தச் சந்தேகம் லேசுல விடாது, மாத்திரையை நிறுத்தாதீங்க” என்றார் காஞ்சிபுரத்து டாக்டர்.

மாத்திரையில் அண்ணன் மெல்லத் தேறினான். சில வருஷம் கழித்து வாலாஜாபாத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பரிமாறிய இலையில் நான் கை வைப்பதற்குள், அண்ணன் குனிந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பந்தியே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

“ஒண்ணும் இல்ல, நீ துன்னு” என்றான்.