எங்களுக்கு எதிராக வந்த தீர்ப்பு

சகோதர சகோதரிகளே, பல வாரம் தயங்கிவிட்டுத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். நான் சொல்வது சிலருக்குக் கோபம் தரும். என் கோபமும் இன்னும் தீரவில்லை.

போன ஜூன் பள்ளி விடுமுறையில், என் மகள் ஷாரனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது பதின்மூன்று. உடனே கீமோ ஆரம்பித்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். நானும் என் கணவரும் மறுத்துவிட்டோம். என் தங்கை கீமோ எடுத்தும் பிழைக்கவில்லை. அந்தப் பயத்துக்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்தேன். எங்கள் செங்காங் வீட்டில் எண்ணெய் பூசி ஜெபம். தேக்கா சந்தையில் வாங்கிய மூலிகையில் கஷாயம். அவள் வெளுத்துக்கொண்டே போனாள்.

மருத்துவமனை விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நான் பெற்ற பிள்ளைக்கு யாரோ முடிவு செய்வதா? மூன்று நாள் உபவாசம் இருந்தேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வர வேண்டும் என்று ஒரே ஜெபம்.

சிகிச்சையைத் தொடங்கும்படி உத்தரவு வந்தது.

வார்டில் அவள் கையைப் பிடித்து அழுதேன். "இவ்வளவு ஜெபிச்சும் ஆண்டவர் கேக்கலயேம்மா."

"நான் கேட்டத குடுத்துட்டாரும்மா," என்றாள்.

"என்னடி சொல்ற?"

"நீங்க தோக்கணும்னுதான் நான் ப்ரே பண்ணேன். எனக்கு சாகப் பயமா இருந்துச்சு. வீட்ல யாரும் என்னைக் கேக்கவே இல்ல லா."

உண்மை. ஒருநாள்கூட அவளை நாங்கள் கேட்கவில்லை.

சிகிச்சை கொடுமையாக இருந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு மாதம் என் கணவர் வார்டுப் பக்கமே வரவில்லை. இந்த மார்ச்சில், நோயின் அடையாளம் இல்லை என்றார்கள். மருந்து இன்னும் தொடர்கிறது. ஷாரன் பள்ளிக்குப் போகிறாள்.

இப்போது உங்களில் சிலர், "பாத்தீங்களா சிஸ்டர், நம்ம ஜெபம் ஜெயிச்சிருச்சு!" என்கிறீர்கள். டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லை என்று என்னிடம் சொன்னதும் நீங்கள்தான். தலையாட்டியது நான். ஜெயித்தது அவளுடைய ஜெபம்.

என் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவரை நம்புங்கள். உங்கள் பிள்ளை நோயில் கிடந்தால் கூப்பிடுங்கள், ஜெபிக்க நானும் வருகிறேன். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன், அந்தப் பிள்ளை என்ன கேட்டு ஜெபிக்கிறது என்று கேளுங்கள்.