மட்டக்களப்பில் சூடேறிய இஞ்சினும் ராத்தாவின் இடது கண்ணும்

போன ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை 7.20. கல்முனையில் கண் டொக்டர் டோர்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்: "விழித்திரை கழன்று வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டித்தான் இருக்கு. இன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குள்ள கொழும்பில சேர்த்திட்டா பார்வையைக் காப்பாத்தலாம்."

கண் என் ராத்தாவுடையது; எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிக்கிறா. மச்சான் கட்டாரில் வேலை, அதனால் கூடப் போக நான்தான். ரோட்டால் போனால் எட்டு மணித்தியாலம்; வழியில் கொஞ்சம் பிந்தினாலும் ஐந்து தாண்டிவிடும், குலுக்கமும் கண்ணுக்குக் கூடாது. மட்டக்களப்பிலிருந்து 11 மணிக்கு ஒரு சின்ன விமானம் போகிறது, இரண்டு இடம் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். ஆளுக்கு 32,000 ரூபா. உடனே சரி என்றேன்.

ஊரில் வாடகைக்கு ஓட்டும் நௌபரின் வேனில் ஏறினோம். சுமார் 40 கிலோமீற்றர், வாடகை 9,000. "நௌபர், பள்ளம் பார்த்து ஓட்டுங்க" என்றேன். மனுஷன் மருதமுனை தாண்டும் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார். களுவாஞ்சிக்குடியில் ராத்தா என் கையைப் பிடித்தா. "தம்பி, மூக்குப் பக்கத்தில கறுப்புத் துணி தொங்குறாப்போல இரிக்கி. காலையில இவ்வளவு இல்ல."

விமான நிலையத்தில் பையை மட்டுமல்ல, ஆட்களையும் தராசில் நிறுத்தார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் விமானம், மூக்கில் ஒரே ஒரு இஞ்சின். விமானத்தை இழுக்கும் காத்தாடியின் தகடுகள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கத்தியின் கூர்போல் விளிம்பை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. பழுதோ என்று ராத்தாவிடம் கேட்டேன். எங்களுக்குப் பின்னால் வந்த இளம்பெண் சிரித்தாள். பேர் தர்ஷினி, ஆலையடிவேம்புக்காரி, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில், இதே கம்பனியில் இஞ்சின் திருத்தும் வேலை, லீவு முடிந்து திரும்புறாள்.

"பழுதில்ல அண்ணா. நிக்கிற நேரம் தகடு அப்பிடித்தான் திரும்பி இருக்கும். காத்தைப் பிடிக்காது."

விமானிக்கு நேர் பின்னால் எங்களுக்கு இடம், பக்கத்தில் தர்ஷினி; ராத்தா டீச்சர் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. 11.05க்கு விமானி இஞ்சினைத் தொடக்கினார். 'டிக் டிக்' என்று பொறி தட்டும் சத்தம், பிறகு மெல்லிய விசில். காத்தாடி அசையவில்லை. ராத்தா ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டா: "சத்தம் வருது, ஏன் சுத்தல்ல?"

"உள்ளுக்க ரெண்டு தண்டு இருக்கு டீச்சர். ஒண்டு காத்தை உறிஞ்சி அமத்துது. அந்தக் காத்தில எண்ணெய் எரிஞ்சு வாற சூடான வாயு மற்றத் தண்டின்ர டேர்பைனைத் தள்ளும். அதுதான் கியர் பற்சில்லு வழியா காத்தாடியைச் சுத்துறது. ரெண்டுக்கும் நடுவில இரும்புத் தொடுப்பு இல்ல, வாயு மட்டும்தான். அதால இது பிந்தித்தான்…"

தர்ஷினி பேச்சை நிறுத்தினாள். விமானிக்கு முன்னால் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறு என்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் கை ஒரு நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது. விசில் மெதுவாக அடங்கியது.

"எரிபொருளை வெட்டிட்டார்," என்று தர்ஷினி மெல்லச் சொன்னாள். "பற்றரி சோர்ந்தா தண்டு மெதுவாத்தான் சுத்தும், உள்ள வாற காத்து போதாது. காத்து காணாட்டி சூடு ஏறும். எல்லை தாண்டினா டேர்பைன் தகடு பழுதாகும்."

மணி 11.10. இனி ரோட்டால் வெளிக்கிட்டால் கொழும்புக்கு இரவு ஏழு மணி. எழும்பி, முன்னால் குனிந்து விமானியிடம் கெஞ்சினேன். "இன்னொருக்காப் போடுங்க சேர். என்ட ராத்தாட கண்ணு போயிரும். எப்பிடியாவது போங்க." அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு தெரிந்தவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, சூடு எவ்வளவு போனது எண்டு பார்க்காம நான் போறதில்ல. கூடிட்டா இண்டைக்கு இந்த விமானம் எழும்பாது."

எல்லாரையும் இறக்கினார்கள். தர்ஷினியும் விமானியும் இஞ்சின் சூட்டின் பதிவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ராத்தா நிழலில் கதிரையில் இருந்து ஓதிக்கொண்டிருந்தா. "தம்பி, சத்தம் போடாதங்க. அவர் ஒழுங்காப் பார்க்கட்டும்."

தர்ஷினி ஓடிவந்தாள். "எல்லைக்குக் கீழதான் நிண்டிருக்கு! நேரத்தோட வெட்டிட்டார்."

பெரிய பற்றரி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கேபிள் பூட்டினார்கள். எண்ணெய் விடாமல் ஒருமுறை சுற்றி உள்ளே நின்ற சூட்டை வெளியேற்றினார்கள். 11.50க்கு மறுபடி 'டிக் டிக்'. இந்த முறை முள் ஏறி, நின்று, இறங்கியது. காத்தாடி சோம்பலாக அசைந்து, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போனது. "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னது நான்தான்.

மேலே போனதும் இரைச்சல் ஒரே சுருதியில் இருந்தது. வேகம் கூட்டினாலும் காத்தாடி சுற்றும் வேகம் மாறாதாம், தர்ஷினி சொன்னாள். தகடுதான் சாய்ந்து கூடுதலாகக் காத்தைக் கடிக்குமாம். இரத்மலானையில் சில்லு நிலத்தில் பட்டதும் ஒரு பேரிரைச்சல். கதிரையை இறுக்கிப் பிடித்தேன். "பயப்பிடாதீங்க அண்ணா, தகடு மறுபக்கம் திரும்பி எங்களைப் பின்னுக்குத் தள்ளுது. அதுதான் பிரேக்." மணி 12.55.

ஆஸ்பத்திரிக்கு 1.40. ஒபரேஷன் 4.15. நடுப்பகுதி கழலவில்லை என்றார் டொக்டர்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: நேரத்தை ஒட்டிப் பயணம் வைக்காதீர்கள், சின்ன விமானத்தில் ஒரு மணித்தியாலம் பிந்துவது சாதாரணம். பையை ஏழு கிலோவுக்குள் வையுங்கள். காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். முக்கியமாக, இந்த ஒபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரியும். மலை ரோடும் வேண்டாம் என்றார் டொக்டர். அதனால் திரும்பி வந்தது ஹபரணை, பொலன்னறுவை வழியாக, காரில், அந்த வாயு விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காக ராத்தா தலை குனிந்தபடி.

இப்போது மறுபடி படிப்பிக்கிறா. இடது கண்ணுக்கு நேர்கோடு கொஞ்சம் வளைந்து தெரிகிறதாம். "கரும்பலகையில எப்பிடிக் கோடு போடுறீங்க?" என்று போன கிழமை கேட்டேன்.

"ரூலரை வைச்சித்தான். கண்ணு வளைவெண்டு சொல்லும், நான் ரூலரைத்தான் நம்புவன்."