ரிமோட் மேல் உட்கார்ந்த போடில்

டேனிஷ் படத்தையே டென்மார்க்காரர்கள் நாங்கள் திரையின் கீழே எழுத்து ஓடவிட்டுத்தான் பார்ப்போம். எங்கள் நடிகர்கள் அப்படி முணுமுணுப்பார்கள். ஆர்ஹுஸ் நகரில் பஸ் ஓட்டும் என் தோழி போடிலுக்கு அது அவமானம். எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் யார் ஒரு சொல்லை விழுங்கினாலும் முறைக்கிறவள் அவள். வீட்டிலோ, எழுத்து ஓடும்போதே “என்ன சொன்னான்?” என்று கேட்கிற கணவன் அக்ஸெல்.

பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து ஸ்பீக்கர் வாங்க அக்ஸெலையும் என்னையும் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்காரர் ஐந்து பெட்டிகளை வைத்து வெடிச்சத்தம் காட்டினார். நாற்காலி அதிர்ந்தது. அக்ஸெல் சொக்கிப்போனான்.

“வெடி இருக்கட்டும். நம்ம ஊர்ப் படம் ஒண்ணு போடுங்க. எழுத்து வேண்டாம்” என்றாள் போடில்.

“எழுத்து இல்லாமலா? யாருக்குப் புரியும்?” என்றார் கடைக்காரர்.

ஒருவருக்கும் புரியவில்லை. எங்கள் குழுப் பாட்டைப் போட்டால் எல்லாக் குரலும் கூழாகிவிட்டது. மூலையில் கிடந்த இரண்டே பெட்டிகளைக் காட்டி, “இத மாட்டுங்க” என்றாள். இப்போது பாடகிகள் மூச்சு வாங்குவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. படத்தில் ஒருவன் முணுமுணுத்த நகைச்சுவைக்குக் கடைக்காரரே வாய்விட்டுச் சிரித்தார்.

வாங்கிய அந்த இரண்டு பெட்டிகளோடு வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் படம். ரிமோட்டை யாரும் எடுக்காதபடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எழுத்தே இல்லை, அக்ஸெல் ஒருமுறைகூட “என்ன சொன்னான்?” என்று கேட்கவில்லை.

படம் முடிந்ததும், “அக்ஸெல், காபி போடேன்” என்றாள்.

“என்ன சொன்ன?”

“அட சாமி! அந்தச் சாக்கு இன்னையோட முடிஞ்சுது. எழுந்திரு!”